கியர்பாக்ஸுக்கு மெமோ கொடுத்தீர்களா?

நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது. "ஆட்டோமேட்டிக் வண்டி, பதினைந்து வருஷமாச்சு, அறுபது வரைக்கும் நன்றாகப் போகிறது, அதற்கு மேல் மிதித்தால் இழுக்கவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். பானெட்டைக்கூடத் திறக்க மாட்டார்கள். "கியர்பாக்ஸ் போயிடுச்சு சார். மாத்தினா வண்டி விலை வந்துடும். வந்த விலைக்குத் தள்ளிடுங்க."

அரசு அலுவலகத்தில் ஒரு கடைநிலை ஊழியரை வேலையை விட்டு நீக்குவதென்றாலும் 17-பி மெமோ கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். குற்றவாளி என்று முடிவாகும்வரை எவரும் நிரபராதியே என்பது 1789-ஆம் வருடப் பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தின் ஒன்பதாவது பிரிவு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு இது பால பாடம். கியர்பாக்ஸுக்கு மட்டும் விசாரணையே இல்லாமல் டிஸ்மிஸ் ஆர்டரா?

முதல் விசாரணைக்குப் பைசா செலவில்லை. காலியான நேர்சாலையில் ஒருவர் ஓட்டட்டும், பக்கத்தில் இருப்பவர் ஆர்.பி.எம். முள்ளைப் பார்க்கட்டும். மிதித்ததும் முள் விர்ரென்று ஏறி, வேகம் மட்டும் ஏறவில்லையென்றால் கியர்பாக்ஸ் வழுக்குகிறது, சந்தேகம் நியாயம். முள்ளும் ஏறாமல் எஞ்சினே திணறினால், வேறு ஆட்களை விசாரிக்க வேண்டும்.

அந்தப் பட்டியல் பெரிது. பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம். மெதுவாகப் போகும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும், பசி தெரியாது, நெடுஞ்சாலையில்தான் தெரியும். ஏர் ஃபில்டரில் புழுதி சேர்ந்திருக்கலாம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்துப் புகை வெளியேற வழியில்லாமல் இருக்கலாம். பிளக் தேய்ந்திருக்கலாம். கிக்டவுன் கேபிள் தளர்ந்து, கீழ் கியருக்கு இறங்காமல் இருக்கலாம். காலடி மேட் சுருண்டு ஆக்சிலரேட்டரை முழுதாக அமுங்கவிடாமல் தடுக்கலாம்! இவற்றில் பலவற்றுக்கு ஆகும் செலவு, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிக்குக்கூட வராது.

"ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டல, அப்ப கியர்பாக்ஸ்தான்" என்று வாதிடுவார்கள். சென்சார் பார்ப்பதைத்தான் ஸ்கேனர் சொல்லும். கோப்பில் புகார் இல்லை என்பதால் குற்றமே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

சரி, எஞ்சின் பக்கம் எல்லாம் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கியர்பாக்ஸ் ஆயிலின் அளவையும் நிறத்தையும் பார்த்தாக வேண்டும். சிவப்பாக இருந்தது கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் அது ஒரு சாட்சி. அடுத்து டார்க் கன்வர்ட்டர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழலவிட்டால் மற்றதும் சுழலும் அல்லவா? அதே வேலையைக் காற்றுக்குப் பதில் ஆயிலை வைத்துச் செய்கிறது இது. நடுவில் ஸ்டேட்டர் என்றொரு சக்கரம். வேகம் கூடியதும் அது தானாகச் சுழல வேண்டும். அது இறுகிவிட்டால் கிளம்பும்போது குறையே தெரியாது. வேகத்தில் வண்டி மூச்சடைக்கும், ஆயில் கொதிக்கும். அப்போதும் மாற்ற வேண்டியது கன்வர்ட்டரைத்தான், முழு கியர்பாக்ஸை அல்ல. (2014-இல் செலேரியோவோடு வந்த ஏ.எம்.டி. வேறு ரகம், அதில் சாதாரண கிளட்ச்தான்.)

இதெல்லாம் வேலையற்றவன் நுணுக்கம் அல்ல. காடாம்புலியூர் வழியாகப் போகும் விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையில் ஒரு லாரியை முந்தப் பாதி வந்தபின் வண்டி இழுக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். முழங்கால் தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாதவர்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் கால். ஜிப்மருக்குப் போய்வர யாரையும் எதிர்பார்க்காமல் இருப்பது அதனால்தான். அதை யோசிக்காமல் "தள்ளிடுங்க" என்பது அவர்களை வீட்டில் உட்காரச் சொல்வது.

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. "சும்மா பார்த்ததுக்கு ஐநூறா?" என்று சண்டை போடுகிறோம், அதே நாம் பாகம் மாற்றினால் ஆயிரக்கணக்கில் வாய் பேசாமல் எண்ணிக் கொடுக்கிறோம். மூளைக்குக் கூலி இல்லை, பாகத்துக்கு உண்டு என்றால் அவர் பாகத்தைத்தானே மாற்றுவார்?

சோதிப்பதற்கென்று தனியாகக் காசு கொடுங்கள். பெட்ரோல் அழுத்தம் எவ்வளவு, ஆயில் எப்படி, முள் எங்கே நின்றது என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தராதவரிடம் கியர்பாக்ஸைக் கழற்றக் கொடுக்காதீர்கள்.