திமிங்கலத்துக்கு வீசின வலையில சிக்கினது அயிரை மீன்!

தோழர்களே,

எச்-1பி விசாவுக்கு ட்ரம்ப் 1,00,000 டாலர் கட்டணம் போட்டதும் நம்ம டைம்லைன்லயே ஒரு பேச்சு ஓடுச்சு: "கார்ப்பரேட்டுக்கு சரியான ஆப்பு!" நம்ம ஆளுங்களே சிரிச்சுக்கிட்டு ஷேர் பண்ணாங்க.

ஒரு நிமிஷம் நில்லுங்க. ஆப்பு யாருக்கு?

2025 செப்டம்பர் 19-ல கையெழுத்தான உத்தரவு அது. வெளிநாட்டுல இருக்கிற ஒருத்தரை புதுசா வேலைக்கு எடுக்கணும்னா ஒரு லட்சம் டாலர். அன்றைய மதிப்புல ஏறக்குறைய 88 லட்சம் ரூபாய்!

பெரிய கம்பெனி என்ன பண்ணும்? அந்த வேலையையே சென்னை ஓ.எம்.ஆருக்கோ பெங்களூருக்கோ அனுப்பும். இல்லைன்னா இங்க இருக்கிற தன் கிளையில ஒரு வருஷம் வேலை பார்த்தவரை எல்-1 விசாவுல கூட்டிட்டுப் போகும். அந்த விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பே கிடையாது.

15 பேர் வேலை பார்க்கிற சின்ன கம்பெனிக்கு ஓ.எம்.ஆர்ல கிளை இருக்கா? சின்ன ஊர்ல ஒரே ஒரு டாக்டரைத் தேடுற கிளினிக்குக்கு இருக்கா? அவங்களுக்கு இருந்தது இந்த ஒரு கதவுதான். அதையும் சாத்தியாச்சு.

பழைய சட்டத்துல கொஞ்சமாவது நியாயம் இருந்துச்சு. பயிற்சி நிதிக்கான கட்டணம் 25 பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு 750 டாலர், அதுக்கு மேல 1,500 டாலர். புது உத்தரவுல அந்த வித்தியாசமே இல்ல. யானைக்கும் எறும்புக்கும் ஒரே சுங்கம்!

பணம் இருந்தாலும் குலுக்கல் இருக்கு. ஆண்டு வரம்பு 65,000. அமெரிக்காவில் முதுநிலை படிச்சவங்களுக்கு மேலும் 20,000. 2026 நிதியாண்டுக்குத் தகுதியான பதிவுகள் மட்டும் சுமார் 3.44 லட்சம். ஆயிரம் பேரைப் பதிவு பண்ற கம்பெனிக்கு எப்படியும் சில நூறு பேர் விழும். ஒரே ஒருத்தரைப் பதிவு பண்ற கம்பெனிக்கு? விழலைன்னா அடுத்த மார்ச் வரைக்கும் அந்த நாற்காலி காலிதான்.

"அப்போ முறைகேடே நடக்கலையா?"ன்னு கேட்பாங்க. நடந்துச்சு. ஒரே ஆளுக்குப் பல கம்பெனி பேர்ல பதிவு போட்டாங்க. அதைத் தடுக்க, ஒருத்தருக்கு எத்தனை பதிவு வந்தாலும் குலுக்கல்ல ஒரே வாய்ப்புன்னு விதியை மாத்தினாங்க. 7.59 லட்சமா இருந்த பதிவு அடுத்த வருஷமே 4.70 லட்சமா இறங்குச்சு. ஓட்டையை அடைச்சாலே போதும். வீட்டை இடிக்க வேண்டாம்.

"உள்ளூர்க்காரனுக்கு வேலை வேண்டாமா?" வேணும். அதுக்குத்தான் அந்த ஊர்ல அந்த வேலைக்கு நிலவுற சம்பளத்துக்குக் குறையாம கொடுக்கணும்னு சட்டமே இருக்கு. அதை ஒழுங்கா அமல்படுத்து. ஏமாத்துற முதலாளியைப் பிடி. தொழிலாளியைப் பிடிக்காதே.

கடைசியா, நமக்கு நாமே ஒரு கேள்வி. அங்க நம்ம அண்ணன், அக்காவை "வெளியாள்"னு சொன்னா கொதிக்கிறோம். திருப்பூர்ல தைக்கிற ஒடிசா, பீகார் தொழிலாளியை அதே வார்த்தையால திட்டுற பதிவுக்கு லைக் போடலாமா? அங்க ஒரு நியாயம், இங்க ஒரு நியாயம்னு இருக்க முடியாது.

சக இன்ஜினியரா கேக்குறேன் தோழர்களே: அடுத்த தடவை "ஆப்பு"ன்னு யாராவது போட்டா சிரிக்காதீங்க. இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்க.

பகிருங்கள்!

#கதவைச்சாத்தாதே #சிறுதொழில்காப்போம்