அரைக்கிலோ துப்பாக்கியும் அரைகுறை ஞானமும்

வேலை நிமித்தம் கான்பூருக்கு வந்து ஆறு வருடம் ஆச்சு. நம்ம ஊரில் துப்பாக்கியை பேங்க் வாசலில் பார்த்தால்தான் உண்டு. இங்கே கல்யாண வீட்டிலேயே பார்க்கலாம்.

சக ஊழியர் ஒருவர் தன் மனைவி பெயரில் லைசென்ஸ் எடுத்து, ஒரு குட்டி ரிவால்வரும் வாங்கினார். "லேடீஸுக்கு ஏத்தது ஜி, வெயிட்டே இல்லை" என்று ஒரே பெருமை. சுடும் பயிற்சிக்கு என்னையும் வேடிக்கை பார்க்க அழைத்தார். பத்து மீட்டரில் அந்த அம்மா ஆறு தோட்டா சுட்டார். அட்டையில் பட்டது ஒன்றே ஒன்று. கட்டைவிரல் அடியில் சிவந்து போச்சு. "லேடீஸ் இல்லையா, கை நடுங்குது" என்று சிரித்தார் நண்பர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுங்கியது கையா? கணக்கைப் பாருங்கள். துப்பாக்கி அரைக்கிலோ. ஹேமரைக் கையால் பின்னால் இழுத்து வைக்காமல் சுட, ட்ரிக்கருக்கு நாலஞ்சு கிலோ இழுப்பு வேண்டும். தன் எடையைப் போல் எட்டு, பத்து மடங்கு இழுத்தால் எந்தத் துப்பாக்கிதான் ஆடாது? குழல் குட்டை என்பதால் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி குறைவு. மயிரிழை பிசகினாலும் தோட்டா எங்கோ போகும். எடை குறையக் குறைய உதையும் கூடும். அதாவது, சுமக்க எத்தனை சுகமோ, சுட அத்தனை கஷ்டம்.

பயிற்சியாளர் பேசாமல் கிளப்பின் கனமான .32 ஸ்டீல் ரிவால்வரை அவர் கையில் கொடுத்தார். அதே அம்மா, அதே பத்து மீட்டர். ஆறில் ஐந்து அட்டையில்! நண்பர் வாயைத் திறக்கவில்லை.

2012 டிசம்பர் டெல்லிக் கொடூரத்துக்குப் பிறகு, 2014 ஜனவரியில் இதே கான்பூரில் 'நிர்பீக்' அறிமுகமானது நினைவிருக்கா? 500 கிராம், சுமார் 1.22 லட்சம் ரூபாய், மெரூன் நிற நகைப்பெட்டியில்! நகையா அது? ஹேண்ட்பேக்கில் அடங்கும் என்றார்கள். கைக்கு அடங்குமா என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

குட்டி ரிவால்வர் கெட்டதில்லை. விரல்கள் நிறையும்படி பெரிய ரப்பர் பிடி போடணும். பிடியின் உச்சியில் இறுக்கிப் பிடிக்கணும். சிலிண்டர் இடுக்கில் சூடான வாயு சீறும், விரல் அந்தப் பக்கமே போகக்கூடாது. பார்வை முன் குறியில். ட்ரிக்கரை வெடுக்கென்று இல்லாமல் ஒரே சீராக இழுக்கணும். தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, காலித் துப்பாக்கியில் தினமும் இழுத்துப் பழகணும். ஒரு நாள் கூத்தில் இது வராது.

2016 ஆயுத விதிகளே பயிற்சி வேண்டும் என்கின்றன. நம் ஆட்களுக்கோ அது இன்னொரு சான்றிதழ். பீரோவில் பூட்டிய துப்பாக்கியால் தைரியம் வராது மக்களே. லட்ச ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, குறி தப்பினால் பொண்டாட்டி கையைக் குறை சொல்லாதீர்கள்.

அந்த அம்மா இப்போது ஞாயிறுதோறும் பயிற்சிக்குப் போகிறார். தனியாக.