கையெழுத்தைத் திருத்த, முதலில் கையைப் பாருங்கள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையில் ஒரு வரி வரும்: ‘கையெழுத்தைத் திருத்தவும்.’ எப்படித் திருத்துவது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. நோட்டு வீட்டுக்கு வந்ததும் பெற்றோருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: காப்பி நோட்டு வாங்கு, தினம் இரண்டு பக்கம் எழுது, ஞாயிற்றுக்கிழமை நான்கு. பிள்ளைக்குக் கை வலிக்கிறது. எழுத்து இருந்தபடியே இருக்கிறது. பென்சிலைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு இருபது பக்கம் எழுதினால், அந்தத் தப்பான பிடிக்குத்தான் இருபது பக்கப் பயிற்சி கிடைக்கும்.

மைசூருவில் தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைக்குச் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல். 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டத்துக்குப் பிறகு, கர்நாடகத்தில் எந்தப் பாடத்திட்டப் பள்ளியானாலும் கன்னடம் படித்தாக வேண்டும். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். வீட்டுக்கு வந்தால் பாட்டி தமிழ் எழுதச் சொல்வார். மூன்று எழுத்துக்கும் கை மூன்று விதமாக ஓட வேண்டும். கன்னடத்தில் ப, வ, ம, ஷ நான்கும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு; ஒரு வளைவு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா, உள்ளே ஒரு கோடு விழுந்திருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். போதாததற்கு ஒத்தக்ஷரம். கூட்டெழுத்தில் இரண்டாவதாக வரும் மெய், முதல் எழுத்தின் காலடியில் சின்னதாக உட்காரும். அதற்கு இடம் விடாமல் எழுதினால் அடுத்த வரியின் தலையில் போய் இடிக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாமே காக்கா கிறுக்கல். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொன்னாலே பாதி நெரிசல் தீர்ந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். நோட்டு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதுதான் வீட்டில் எழும் ஆட்சேபம்.

எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால், எழுதும் பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குச் செய்த சாப்பாட்டு மேசை, கால் தரையில் படாமல் ஆடும் நாற்காலி, மார்பளவு உயரத்தில் நோட்டு. தோள் தூக்கிக்கொள்கிறது, மணிக்கட்டு அந்தரத்தில் தொங்குகிறது. காலுக்கடியில் ஒரு மணைப்பலகை போட்டு, மேசை முழங்கை மட்டத்துக்கு வருமாறு பார்த்துக்கொண்டால் தோள் இறங்கும். இன்னொரு கை என்ன செய்கிறது? பல பிள்ளைகளின் இடது கை மடியில் சும்மா கிடக்கும். தாள் நழுவும், எழுத்து சாயும்.

அடுத்தது பிடி. கட்டைவிரல் பென்சிலைத் தாண்டி ஆள்காட்டி விரலின்மேல் ஏறிக் கிடக்கும், நகம் வெளுத்திருக்கும். எழுதிய தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினால், எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறது என்பது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். அப்படி அழுத்துகிற கை அரைப் பக்கத்திலேயே ஓய்ந்துபோகும். கீழ்ப்பாதியில் எழுத்து சிதறுவதைச் சோம்பல் என்று திட்டுகிறோம். அழுத்தாமலே கறுப்பாக எழுதும் 2பி பென்சில் ஒன்று வாங்கித் தரலாம். அதைவிடச் சுலபம், நாம் தூக்கிப்போடும் துண்டுப் பென்சில். விரல் நீளத்துக்கும் குறைவான துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது. மூன்று விரல்தான் வேலை செய்யும். சிலேட்டும் உடைந்த பலப்பமும் ஒரு காலத்தில் இதைத்தான் சத்தமில்லாமல் செய்துவந்தன. சிலேட்டின் சொரசொரப்பு வேகத்தையும் கொஞ்சம் பிடித்து நிறுத்தும்.

இடது கைப் பிள்ளைகள் பத்தில் ஒருவர் இருக்கலாம். அவர்களுக்குத் தாள் எதிர்ப்பக்கம் சாய வேண்டும், பென்சிலைச் சற்று மேலே பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதியதையே கை அழித்துக்கொண்டு போகும். கையை மாற்றச் சொல்வது மட்டும் கூடாது.

மழலையர் பள்ளிகள் நம்பி வாங்கும் புள்ளிக்கோட்டுத் தாள்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் குழுவினர், படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளிடம் எழுத்துகளைச் சிலவற்றைக் கையால் எழுதவும், சிலவற்றைப் புள்ளிமேல் வரையவும், சிலவற்றை விசைப்பலகையில் தட்டவும் சொன்னார்கள். பிறகு அதே எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் எடுத்தபோது, வாசிப்புக்கான பகுதிகள் நன்றாக விழித்தது தானாக எழுதிய எழுத்துகளுக்குத்தான். 2012இல் வெளியான ஆய்வு இது. கோணலாக வந்தாலும் பிள்ளை தானே யோசித்துப் போட்ட கோட்டுக்கு மதிப்பு அதிகம். புள்ளியை ஒட்டிப் போவது முதல் இரண்டு முறைக்குப் போதும்.

தன் மோசமான கையெழுத்துக்காகக் கடைசிவரை வருந்தியவர் காந்தி. தென்னாப்பிரிக்காவில் வக்கீல்களின் அழகான எழுத்தைப் பார்த்த பிறகுதான் வெட்கம் வந்தது என்றும், பிள்ளைகள் எழுதுவதற்கு முன் வரையக் கற்க வேண்டும் என்றும் சுயசரிதையில் சொல்கிறார். 1909இல் கப்பலில் ‘இந்திய சுயராஜ்யம்’ எழுதுகையில் வலது கை ஓய்ந்ததும் இடது கையால் தொடர்ந்த மனிதர் அவர். எழுதும் கை சளைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வரைதல் என்றதும் டிராயிங் கிளாஸுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. வாசலில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடப் பழகினால், புள்ளியைச் சுற்றி வளைந்து திரும்பும் லாகவம் கைக்கு வரும். பையன்களும் போடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

எவ்வளவு அழகு வேண்டும்? தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குக் கொடுத்த ஓலைக்கட்டில், கிரந்த எழுத்தில் இருந்ததுதான் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். நூலகர் ஆர். சாமசாஸ்திரி 1905இல் அதை அடையாளம் கண்டார், 1909இல் அச்சேற்றினார். படியெடுத்தவருக்கு அழகுப் போட்டியில் பரிசு கிடைத்திருக்குமா என்று யாரும் கேட்கவில்லை; படிக்க முடிந்தது, அதனால் ஒரு நூல் பிழைத்தது. வாசிக்கிற மாதிரி இருக்க வேண்டும், நேரத்துக்குள் முடிய வேண்டும். இவ்வளவு கேட்டால் போதும். மருந்துச் சீட்டைப் புரிகிற மாதிரி எழுதுங்கள் என்று டாக்டர்களுக்கே 2016இல் மருத்துவக் கவுன்சில் விதி போட வேண்டியிருந்த நாட்டில், எட்டு வயதுப் பிள்ளையிடம் அச்சு எழுத்தை எதிர்பார்ப்பது அதிகப்படி.

இத்தனையும் செய்தும் மாறாத பிள்ளைகள் உண்டு. வாயால் கேட்டால் கடகடவென்று பதில் வரும், தாளில் இரண்டு வரி வராது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குள் மணி அடித்துவிடும். ஒரே வரியில் எழுத்து பெரிதும் சிறிதுமாக ஏறி இறங்கும். முதலில் கண்ணைச் சோதிக்க வேண்டும். அதில் கோளாறு இல்லையென்றால் டிஸ்கிராஃபியா, அதாவது எழுதுவதில் உள்ள கற்றல் குறைபாடு இருக்கலாம். மைசூரு பெற்றோருக்கு ஒரு வசதி: இதற்காக ஊர் ஊராக அலைய வேண்டாம். ஊருக்குள்ளேயே மானசகங்கோத்ரியில் இருக்கும், 1965இல் தொடங்கிய மத்திய அரசின் பேச்சு, கேள்வி நிறுவனத்தில் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு உண்டு. ‘பேச்சு வராத பிள்ளைகள் போகிற இடம்’ என்று நினைத்து அந்த வாசலைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ‘கிறுக்குபவனை ஆஸ்பத்திரிக்கா கூட்டிப்போவது’ என்ற கூச்சம் வேறு.

சட்டம் அந்தக் கூச்சத்தைத் தாண்டி வந்துவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புடைய விகாஷ் குமாருக்கு, குடிமைப் பணித் தேர்வில் தனக்குப் பதிலாக எழுதுபவரை வைத்துக்கொள்ள யுபிஎஸ்சி அனுமதி மறுத்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பை எட்டாதவர்களுக்கும் அந்த உதவி உண்டு என்றது. அதே ஆண்டு நவம்பரில், டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவருக்கு நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் தராததும் தவறு என்று தீர்ப்பளித்தது. மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை, தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்றது.

ஆனால் இந்தச் சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மதிப்பீடு வேண்டும். எட்டாண்டு இம்போசிஷன் எழுதவைத்துவிட்டு, பத்தாம் வகுப்பு டிசம்பரில் பையனை இழுத்துக்கொண்டு மானசகங்கோத்ரிக்கு ஓடுவதில் பயனில்லை. மூன்றாம் வகுப்பிலேயே, நோட்டுகள் நான்கைந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.