ஞாபக சக்திக்கு லேகியம் கேட்கிறீர்களா?

பரீட்சை மாதம் நெருங்கிவிட்டால் சித்த மருத்துவர்களிடம் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "பையனுக்கு ஞாபக சக்திக்கு ஏதாவது லேகியம் குடுங்க டாக்டர்!" வல்லாரையைப் பற்றி நம் நூல்கள் உயர்வாகத்தான் சொல்கின்றன. வாரம் இரண்டு நாள் துவையலாகச் சாப்பிடுங்கள், தப்பில்லை. (அளவு மிஞ்சினால் தலைவலி வரும். அதையும் தெரிஞ்சுக்குங்க.) ஆனால் ஒரு வார்த்தைக்கு அர்த்தமே தெரியாத பிள்ளைக்கு அந்த வார்த்தை நினைவில் நிற்க எந்த லேகியமும் உதவாது. தெரியாத ஒன்றை எப்படி ஞாபகம் வைப்பது?

கள்ளக்குறிச்சியில் வைத்தியம் பார்க்கிறவனுக்குக் கல்வராயன்மலை ஜனங்கள் பழக்கமானவர்கள். கச்சிராயபாளையம் வழியாக பஸ் பிடித்து இறங்கி வருவார்கள். ஒருமுறை ஒரு தகப்பனார் ஒன்பது வயதுப் பையனைக் கூட்டி வந்தார். விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளை. "எழுத்தே ஏற மாட்டேங்குதுங்க. மக்குன்னு சொல்லிட்டாங்க. மூளைக்கு மருந்து வேணும்" என்றார். பையன் தலையைத் தூக்கவே இல்லை. நான் அலமாரியிலிருந்து காய்ந்த மூலிகைகளை எடுத்து மேஜையில் போட்டேன். கடுக்காய், ஆடாதொடை, நன்னாரி வேர், சிறியாநங்கை... ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துப் பெயர் சொன்னான். எந்த ஓடைக்கரையில் கிடைக்கும், எந்த மாதம் பறிக்கணும் என்பது வரை சொன்னான். சில பெயர்கள் நான் கல்லூரியில் படித்த பெயர்கள் அல்ல, அவன் ஊர்ப் பெயர்கள். ஆனால் ஆள் மாறாட்டம் ஒன்றுகூட இல்லை. இந்தப் பிள்ளைக்கா ஞாபக மறதி?

இங்கேதான் நம் தொழிலில் இருக்கிற ஒரு வழக்கத்தைச் சொல்ல ஆசைப்படுகிறேன். மதுரைப் பக்கம் மணத்தக்காளி என்பதைக் கோவைப் பக்கத்தில் சுக்குட்டிக்கீரை என்பார்கள். இன்னும் சில ஊர்களில் மிளகுதக்காளி. வாய்ப்புண்ணோடு வருகிறவர் 'சுக்குட்டி' என்றால், "தப்பு, மணத்தக்காளின்னு சொல்லு" என்று எந்த வைத்தியரும் அதட்ட மாட்டார். அவர் சொல்லும் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் மருந்தை எழுதுவார். மூலிகைக்குக் கொடுக்கிற இந்த மரியாதையைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் பேச்சுக்குக் கொடுக்கிறோமா?

கல்வராயன்மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையில் வாழ்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. பேசுவது தமிழ்தான். தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் அவர்களுக்கே. 2011 கணக்கெடுப்பில் சுமார் மூன்றரை லட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். பழங்குடியினரிடையே 54 சதவீதம்தான். இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அதன் பிறகுதான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. மற்ற ஊர்கள் பள்ளிக்கூடம் கட்டி இரண்டு தலைமுறை படித்து முடித்த பிறகு, இவர்கள் முதல் வகுப்பில் நுழைந்திருக்கிறார்கள். இது மூளைக்கோளாறு அல்ல, காலக்கோளாறு.

"பேசுவது தமிழ், பாடப் புத்தகமும் தமிழ். அப்புறம் என்ன கஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கொஞ்சம் உங்கள் வீட்டுப் பேச்சையே கவனியுங்களேன். 'வந்துக்கிட்டு இருக்காங்க' என்று பேசுகிறோம், 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதுகிறோம். பழத்தைப் பளம் என்கிறோம், ழகரத்தோடு எழுதுகிறோம். டவுன் பிள்ளைக்கு டி.வி., பேப்பர், ராத்திரி கதை சொல்லும் படித்த அம்மா என்று ஆயிரம் பாலங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளையே ல, ள, ழ-வில் தடுமாறுகிறது. மலைப் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சிலிருந்து புத்தகத்துக்கு உள்ள தூரம் இன்னும் அதிகம், பாலமோ ஒன்றுகூட இல்லை. வாயைத் திறந்தால் வகுப்பு சிரிக்கிறது. மறுநாளிலிருந்து வாயே திறக்காது. பேசாத பிள்ளையை 'மக்கு' என்று ரிஜிஸ்தரில் எழுதாத குறையாகச் சொல்லி விடுகிறோம். போதாததற்கு, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன்மலை என்றாலே 'சாராய மலை' என்று வேறு பேச்சு. ஒரு சின்னப் பிள்ளை இதையும் சேர்த்துச் சுமக்கணுமா?

நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்று ஒரு டீச்சர் இருந்தார். மவோரிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். அச்சடித்த பாடப் புத்தகம் அந்தப் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை என்று கண்டார். அதனால், 'உனக்கு என்ன வார்த்தை வேணும்?' என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டு, அதை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். அம்மா, பேய், முத்தம் - இப்படி அந்தப் பிள்ளையின் மனசில் கிடக்கிற வார்த்தைகள். அவை ஒரே பார்வையில் ஒட்டிக்கொண்டன. அந்த அனுபவத்தை 1963-ல் புத்தகமாகவும் வெளியிட்டார். செலவு? சில அட்டைகள்! கல்வராயன்மலைப் பிள்ளைக்கு அந்த முதல் அட்டையில் 'சாமை' இருக்கட்டும், 'கடுக்காய்' இருக்கட்டும், 'தேன்' இருக்கட்டும். ரயிலும் கப்பலும் பிறகு வரலாம். ரயிலைப் பார்க்காத பிள்ளைக்கு எழுத்தும் புதுசு, பொருளும் புதுசு என்றால் ஒரே வாயில் இரண்டு உருண்டை திணிப்பது மாதிரி.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக் கொடுக்க வழி செய்தார்கள். நல்ல யோசனை. ஆனால் மொட்டு எந்தச் செடியில் வந்தது என்றும் பார்க்கணும் இல்லையா? மலைப் பள்ளிகளில் ஆரம்ப வகுப்புக்காவது அந்த மலைப் பேச்சு தெரிந்த ஒருவர் வேண்டும். ஆசிரியர் பட்டம் பெற்றவர்தான் வேண்டும் என்பதில்லை. பத்தாவது முடித்த உள்ளூர்ப் பெண் உதவிக்கு இருந்தாலும் போதும். தாய்மொழியில்தான் ஆரம்பப் படிப்பு நன்றாக ஏறும் என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. வீட்டுப் பேச்சும் தாய்மொழிக்குள் அடங்கும் என்பது என் கட்சி.

சரி, வைத்தியனாக என் பங்குக்குச் சொல்கிறேன். படிப்பில் பின்தங்கும் எந்தப் பிள்ளைக்கும், மலைப் பிள்ளையானாலும் உங்கள் பிள்ளையானாலும், முதலில் காதைப் பாருங்கள். சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் தங்கினால் வலி இருக்காது, ஆனால் காது மந்தமாகும். 'பல்' என்றதா 'பள்' என்றதா என்றே பிள்ளைக்குத் தெரியாது. காது ஒழுகினால் வீட்டு எண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள்! காது டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்து கண். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறதா? அப்புறம் ரத்தசோகையும் குடற்புழுவும். கண்ணின் கீழ் இமை வெளுத்திருந்தால் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்துப் பாருங்கள். பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சித்த வைத்தியன் இதைச் சொல்கிறானே என்று பார்க்காதீர்கள், நல்லது எங்கே இருந்தாலும் நல்லதுதான். வெறும் வயிற்றில் எந்த எழுத்தும் ஏறாது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்ததை நான் ஒரு மருத்துவத் திட்டமாகவே பார்க்கிறேன். இவையெல்லாம் சரியாக இருந்து, பிள்ளை வீட்டில் நன்றாகப் பேசி வகுப்பில் மட்டும் ஊமையாக இருந்தால், கோளாறு பிள்ளையிடம் இல்லை.

'இது மலைக்காரர் பிரச்னை, நமக்கென்ன' என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். உங்கள் வீட்டு எல்.கே.ஜி. குழந்தை காலை எட்டு மணிக்கு, வீட்டில் கேட்டே அறியாத இங்கிலீஷில் 'ரைம்ஸ்' ஒப்பிக்கப் போகிறதே, அதன் கதையும் கிட்டத்தட்ட இதுதான். காலையில் வயிற்று வலி, ஸ்கூல் போகும் நேரத்தில் வாந்தி என்று எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வலி வராது! இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. தினம் அரை மணி நேரம் பிள்ளையோடு தமிழில் கதை பேசுங்கள். அது சொல்லும் ஒரு வாக்கியத்தை, பேசியது பேசியபடியே, ஒரு தாளில் எழுதி அதன் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தன் வாயிலிருந்து வந்ததுதான் எழுத்து என்று புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. எழுதுகிறபோதே திருத்தாதீர்கள். திருத்தம் மறுவாரம் வைத்துக்கொள்ளலாம்.

எழுத்து வெறும் மார்க் விவகாரம் அல்ல. பெற்றவர் இருவருக்கும் படிக்கத் தெரியாத வீட்டில், சீசாவின் மேல் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று ஒட்டியிருந்தால் யாருக்கு லாபம்? மூட்டுவலித் தைலமும் கஷாயமும் ஒரே மாதிரி சீசாவில் போனால் விபரீதம்தான். அந்த வீட்டில் அந்த இரண்டு வார்த்தையைப் படிக்க வேண்டியது ஒன்பது வயதுப் பிள்ளை. பல குடும்பங்கள் மிளகு பறிக்கவும் காபித் தோட்ட வேலைக்கும் கேரளா, கர்நாடகா என்று மாதக்கணக்கில் போய்விடுகின்றன. பிள்ளையும் கூடப் போனால் படித்த நாலு எழுத்தும் போச்சு. விடுதியில் இருக்கச் சொன்னால், அங்கே அதைச் சிரிக்காமல் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

நான் அந்தப் பையனுக்கு மருந்து எழுதவில்லை. கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் போதும், கண்ணையும் காதையும் காட்டுங்கள் என்றேன். அவன் பெயர் சொன்ன மூலிகைகளைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் அவன் சொன்ன பெயரையே பெரிய எழுத்தில் எழுதி, கையில் கொடுத்து அனுப்பினேன்.