புள்ளிக்கு அப்புறம் என்ன வைக்கிறது?

ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டு இருந்த வேலை மக்களே. இலவச இடத்துல எழுதினது போதும், சொந்தமா ஒரு தளம் தொடங்கிடலாம்னு போன வாரம் உட்கார்ந்தேன். பேரு அஞ்சு நிமிஷத்துல முடிவாயிடுச்சு. புள்ளிக்கு அப்புறம் என்ன வைக்கிறதுங்கறதுலதான் மூணு ராத்திரி போச்சு.

பெங்களூர்ல பொட்டி தட்டுற அக்கா பையன், "மாமா, டாட் ஐஓ வாங்குங்க, கெத்தா இருக்கும்"னான். தங்கமணி, "எது மலிவோ அதை வாங்கித் தொலைங்க"ன்னாங்க. ரெண்டு பேர் பேச்சையும் நான் கேக்கல. (தங்கமணி பேச்சைக் கேக்கலன்னு சொல்ல இங்க மட்டும்தான் முடியும் :-))

விஷயம் இதுதான். புள்ளிக்குப் பின்னாடி ரெண்டே ரெண்டு ஆங்கில எழுத்து இருந்தா, அது ஏதாவது ஒரு நாட்டுக்கோ ஆட்சிப் பகுதிக்கோ உரியது. அந்த இடத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம முகவரிக்கும் ஆகும். யூகோஸ்லாவியா சிதறிப் போச்சு, அதோட டாட் ஒய்யூவை 2010 மார்ச்சில மூடியே விட்டாங்க. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்துச்சு. அங்கே டாட் ஈயூ வச்சிருந்தவங்கள்ல தகுதி இழந்தவங்களோட முகவரிகளை 2021 ஜனவரியில முடக்கிட்டாங்க. அவங்க செஞ்ச தப்பு என்ன? ஒண்ணுமே இல்ல.

சரி, கெத்தான டாட் ஐஓவுக்கு வருவோம். அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு உரியது, அதாவது சாகோஸ் தீவுகள். டியாகோ கார்சியாவுல ராணுவத் தளம் அமைக்கிறதுக்காக அந்தத் தீவுக்காரங்களை 1970களின் தொடக்கத்துக்குள்ள ஊரை விட்டே வெளியேத்தினாங்க. தீவுகளை மொரீஷியஸுக்குக் கொடுக்க 2025 மே மாசம் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. வரைபடமே மாறலாம்ங்கற இடத்துல நம்ம பேரைக் கொண்டு போய் நடணுமா? துரத்தப்பட்டவங்க ஊரோட பேரை வச்சு கெத்து காட்டறதும் எனக்கு என்னவோ போல இருக்கு.

மலிவு? டாட் டிகே நினைவிருக்கா? பசிபிக்ல சுமார் 1,500 பேர் வாழற டோக்கெலாவோட நீட்சி. சும்மா கொடுத்தாங்க, உலகமே வாங்குச்சு, மோசடிக்காரங்களும் வாங்கினாங்க. 2023ல புதுப் பதிவையே நிறுத்திட்டாங்க. நானும் ஒரு தடவை 99 ரூபாய்னு ஒரு புது நீட்சியில பேர் வாங்கினேன். அடுத்த வருஷம் புதுப்பிக்க 2,400 கேட்டாங்க. விட்டுட்டு ஓடி வந்தேன். முதல் வருஷ விலை தூண்டில் புழு, புதுப்பிக்கிற விலையைத்தான் பாக்கணும்.

தமிழ்லயே 'டாட் இந்தியா' இருக்கு, ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா சுட்டியை நகலெடுத்து ஒட்டினா பல இடத்துல 'எக்ஸ்என்'னு தொடங்கற கிறுக்கலா மாறிடுது. நண்பர்கள் பயந்துடுவாங்க.

கடைசியில வாங்கினது டாட் இன். 2005ல எல்லாருக்கும் திறந்து விட்டது. அதுவும் நாட்டுக்கு உரியதுதானேன்னு கேப்பீங்க. ஆமா, ஆனா அந்த நாட்டுலதான் நான் இருக்கேன். நாடு மாறிக்கிட்டே இருக்கற நண்பர்கள் 1985லேர்ந்து இருக்கற டாட் காமை வாங்குங்க.

எதை வாங்கினாலும் வாடகை வீடுதான். நம்ம பத்து வருஷ எழுத்தைக் குடி வைக்கிறோம், வீட்டுக்காரர் யாருன்னாவது விசாரிச்சுட்டுப் போவோமே.