காக்கி உடையும் கவர்னர் பதவியும்

போலீஸ் உத்தியோகஸ்தரின் தொழில் ஒன்று. நாட்டை ஆளுவோரின் தொழில் வேறொன்று. முன்னவர் சட்டத்தை நிறைவேற்றுகிறவர். பின்னவர் சட்டத்தைச் செய்கிறவர். இவ்விரண்டு அதிகாரங்களையும் ஒரே கையில் ஒப்படைத்துவிட்டு, அந்தக் கையைத் தட்டிக் கேட்கும் உரிமையை ஜனங்களிடமிருந்து பறித்துவிட்டால் என்ன நேரும்? இக்கேள்விக்கு விடை காண அரசியல் சாஸ்திர நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியா தேசத்தில், ஜோசப் கோம்வாக் என்ற ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும்.

இந்தப் பழங்கதையை இப்போது எடுப்பானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2020-ல் மாலி தேசத்திலும், 2022-ல் பர்க்கினா பாஸோவிலும், 2023-ல் நைஜீரியாவின் வடக்கு எல்லையை ஒட்டிய நைஜரிலும் ராணுவத்தார் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். அந்நாட்டு நகரங்களில் ஜனத்திரள் வீதியில் கூடி அவர்களை வாழ்த்தியதையும் உலகம் பார்த்தது. அரசியல்வாதிகளின் ஊழலால் மனம் கசந்த ஜனங்கள், துப்பாக்கி பிடித்தவனாவது நேர்மையாக இருக்கமாட்டானா என்று ஏங்குவது இயற்கையே. ஆனால் அந்த ஏக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நைஜீரியா முன்னமே அனுபவித்துப் பார்த்துவிட்டது.

நைஜீரியா 1960 அக்டோபர் 1-ல் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து சுதந்திரம் பெற்றது. ஆறு ஆண்டுகூட நிறையவில்லை. 1966 ஜனவரி 15-ல் இளம் ராணுவ அதிகாரிகள் சிலர் கலகம் செய்து, பிரதம மந்திரி தபாவா பலேவாவையும் வட பிராந்திய முதல்வர் அகமது பெல்லோவையும் கொன்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் மறு கலகம் மூண்டது. அதன் முடிவில் யாக்குபு கோவன் என்ற முப்பத்தொரு வயது ராணுவ அதிகாரி தேசத் தலைவரானார். 1967 மே 27-ல் அவர், பழைய நான்கு பிராந்தியங்களை உடைத்துப் பன்னிரண்டு மாகாணங்களாக்கினார். மூன்று நாள் கழித்துக் கிழக்குப் பகுதி பயாப்ரா என்ற பெயரில் பிரிந்து போவதாக அறிவித்தது. 1970 ஜனவரி வரை நீடித்த அந்த உள்நாட்டு யுத்தத்தின் கொடுமையை இங்கே விவரிக்க இடமில்லை.

புதிய மாகாணங்களை ஆளத் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அதிகாரிகளோடு போலீஸ் அதிகாரிகளும் நியமிக்கப்பட்டனர். கானோ மாகாணத்துக்கு அவுடு பாகோ, வடமேற்கு மாகாணத்துக்கு உஸ்மான் பரூக், பெனுவே-பிளாட்டோ மாகாணத்துக்கு ஜோசப் கோம்வாக் ஆகிய மூவரும் போலீஸ் இலாகாவிலிருந்து வந்தவர்கள். ஆனால் இவர்களுக்கும் சூட்டப்பட்ட பட்டம் ‘ராணுவ கவர்னர்’ என்பதே. இந்தப் பதவியின் தன்மையைக் கவனிக்க வேண்டும். சட்டசபைகள் கலைக்கப்பட்டுவிட்டபடியால், கவர்னர் கையெழுத்திட்ட உத்தரவே மாகாணத்துக்குச் சட்டம். அதை நடத்தி வைப்பவரும் அவரே. அவருக்குக் கீழிருந்த சிவிலியன் கமிஷனர்கள் அவர் நியமித்தால் வருவார்கள், நீக்கினால் போவார்கள். அவர் பதில் சொல்ல வேண்டியது தமது மாகாணத்து ஜனங்களுக்கல்ல. லாகோஸில் இருந்த கோவன் ஒருவருக்கே.

கோம்வாக் சாமானியரல்லர் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1935-ல் பிறந்தவர். இபாதான் சர்வகலாசாலையில் பிராணி சாஸ்திரம் கற்றவர். பதவி ஏற்றபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. அவர் கைக்கு வந்த மாகாணமும் எளிதானதன்று. தகரச் சுரங்கங்கள் நிறைந்த ஜோஸ் மேட்டுநிலத்தையும், தெற்கே பெனுவே நதிச் சமவெளியையும் சேர்த்து உண்டாக்கிய அந்த மாகாணத்தில் தீவ், இடோமா, பெரோம், ங்காஸ் முதலிய பல இனத்தார் வசித்தனர். வட பிராந்தியத்தின் பெரிய இனங்களுக்குக் கீழே தாங்கள் நசுங்கிக் கிடப்பதாக அவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வந்தவர்கள். தீவ் மக்களின் தலைவரான ஜோசப் தார்க்கா, நடுப் பகுதிக்குத் தனி ஆட்சி வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் போராடியவர். 1967-ல் அந்தக் கனவு ஒருவாறு பலித்தது. ஆனால் அதன் சாவி, போராடியவர் கையில் விழாமல், நியமனம் பெற்று வந்த போலீஸ் அதிகாரியின் கையில் விழுந்தது.

கோம்வாக் காலத்தில் அந்த மாகாணம் கண்ட நன்மைகள் உண்டு. 1971-ல் ஜோஸ் நகரில் இபாதான் சர்வகலாசாலையின் கிளை ஏற்பட்டது. அதுவே 1975-ல் தனிச் சர்வகலாசாலையாயிற்று. 1972-ல் ‘நைஜீரியா ஸ்டாண்டர்ட்’ என்ற பத்திரிகை தோன்றியது. அதைத் தொடர்ந்து மாகாணத்துக்கென்று ஒரு டெலிவிஷன் நிலையமும் வந்தது. கானோவிலும் அவுடு பாகோ, டிகா அணையைக் கட்டி வறண்ட நிலங்களுக்கு நீர் கொண்டுவந்தார். இவற்றை மறைப்பது நியாயமாகாது. கட்டளையிட்டால் காரியம் நடக்கும் என்ற இடத்தில் கட்டடங்கள் விரைவாக எழும்பத்தான் செய்யும். ஆனால் கட்டடம் எழும்புகிற இடத்தில் கணக்கும் கேட்கப்பட வேண்டும். அதைக் கேட்பவர் யார்? இங்கேதான் இந்த ஆட்சிமுறையின் பெருங்குறை வெளிப்படுகிறது.

1970-களின் முற்பகுதியில் எண்ணெய்ப் பணம் நைஜீரியாவில் வெள்ளமாகப் புகுந்தது. பணம் பெருகப் பெருக லஞ்சமும் பெருகிற்று என்ற பேச்சு தேசமெங்கும் எழுந்தது. 1974-ல் ஒரு பிரஜை, அப்போது மத்திய சர்க்காரில் கமிஷனராயிருந்த தார்க்காவின்மீது ஊழல் குற்றம் சாட்டிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். தார்க்கா ராஜினாமாச் செய்தார். அதைப் பின்பற்றி ஆப்பர் ஆக்கு என்ற தீவ் இனத்தவர், கோம்வாக்கின்மீது அதேபோன்ற பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். இம்முறை நடந்தது வேறு. கவர்னர் கொடுத்த சமாதானத்தைக் கோவன் தாமே பார்த்து, அவர்மீது குற்றமில்லை என்று தீர்ப்பளித்துவிட்டார். குற்றம் சாட்டிய ஆக்கு சிறையில் அடைக்கப்பட்டார்.

கோம்வாக் குற்றவாளியா, நிரபராதியா என்று நாம் இங்கே தீர்ப்புக் கூற வரவில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டிய இடம் பகிரங்கமான நியாயஸ்தலம். சாட்சிகளைக் கூப்பிட்டு, இரு தரப்பையும் கேட்டு, ஊரறியத் தீர்ப்புச் சொல்லியிருந்தால், அவர் நிரபராதியாயின் அவருடைய பெயருக்கு அதைவிடப் பெரிய காப்பு வேறெது? தலைவர் ஒருவருடைய நற்சாட்சிப் பத்திரம் அந்தத் தலைவர் இருக்கும் வரைதான் செல்லும். அவர் போனால் அதுவும் போய்விடும்.

நியாயஸ்தலங்களின் கதியோ அதற்கு முன்பே நிர்ணயமாகிவிட்டது. மேற்கு மாகாணத்தில் சிலருடைய சொத்துக்களைப் பறிமுதல் செய்த ஒரு ராணுவச் சட்டம் செல்லாது என்று 1970-ல் லாகன்மி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு துணிந்து தீர்ப்பளித்தது. சர்க்கார் உடனே இன்னொரு சட்டம் செய்து அந்தத் தீர்ப்பையே ரத்துச் செய்தது. ராணுவச் சட்டங்களைப் பற்றிக் கேள்வி கேட்கும் அதிகாரம் எந்தக் கோர்ட்டுக்கும் இல்லை என்பது அதன் சாரம். பத்திரிகைகளின் கதியும் அப்படியே. 1973-ல் ரிவர்ஸ் மாகாணத்தில், ஆசிரியர்களின் வேலை நிறுத்தத்தைப் பற்றிய செய்தி கவர்னரின் பிறந்த நாளன்று வெளியாயிற்று என்ற ‘குற்றத்துக்காக’ நிருபர் ஒருவரின் தலையை மழித்துக் கசையடியும் கொடுத்தார்கள். நியாயாதிபதியின் வாயையும் நிருபரின் வாயையும் கட்டிவிட்ட பிறகு, ஆக்குவைப்போன்ற ஒரு பிரஜையின் குரல் எங்கே எடுபடும்?

1976-ல் ஜனங்களிடம் ஆட்சியை ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்த கோவன், 1974 அக்டோபரில் அந்த வாக்கைப் பின்வாங்கிக்கொண்டார். கவர்னர்களை மாற்றுவதாகச் சொன்னதும் நடக்கவில்லை. 1975 ஜூலை 29-ல் அவரை ராணுவமே கவிழ்த்தது. முர்தலா முகம்மது தலைவரானார். பன்னிரண்டு மாகாணத் தலைவர்களும் நீக்கப்பட்டு விசாரிக்கப்பட்டனர். லாகோஸின் மொபோலாஜி ஜான்சன், மேற்கு மாகாணத்தின் ரொட்டிமி ஆகிய இருவரைத் தவிர மற்றப் பத்துப் பேரும் முறைகேடாகச் சொத்துச் சேர்த்தவர்கள் என்று 1976-ன் தொடக்கத்தில் அறிவித்துச் சொத்துக்களைப் பறிமுதல் செய்தனர். கோவனின் நற்சாட்சி இரண்டாண்டுக்குள் செல்லாக் காசாயிற்று. பிப்ரவரி 3-ல் கோம்வாக் ஆண்ட மாகாணமே பெனுவே, பிளாட்டோ என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

அத்தோடும் முடியவில்லை. பிப்ரவரி 13-ல் டிம்கா என்ற ராணுவ அதிகாரியின் தலைமையில் கலகம் மூண்டது. முர்தலா லாகோஸ் வீதியில் தம் காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கலகம் அன்றே அடங்கிற்று. கோவன், கோம்வாக், டிம்கா மூவரும் ங்காஸ் இனத்தார். சதிக்கு உடந்தையாயிருந்தார் என்று கோம்வாக்கின்மீது குற்றம் சாட்டப்பட்டது. விசாரித்தது விசேஷ ராணுவ நீதிமன்றம், விசாரணை ரகசியம், மேல் கோர்ட்டுக்கு அப்பீல் இல்லை. 1976 மே 15-ல் டிம்காவுடன் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. அதே சதியில் பெயர் இழுக்கப்பட்ட கோவன் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். குற்றத்தை அவர் மறுத்தார். 1981-ல் அவருக்கு மன்னிப்பும் கிடைத்தது. தூரத்தில் இருந்தவருக்கு மன்னிப்பு; கைக்கு எட்டியவருக்குத் துப்பாக்கிக் குண்டு! இதற்குப் பெயர் நியாயமா?

ஒரு பிரஜை நியாயஸ்தலத்தின் கதவைத் தட்டியபோது, கவர்னரைக் காப்பாற்றுவதற்காக அந்தக் கதவு சாத்தப்பட்டது. இரண்டாண்டு கழித்து அதே கவர்னர் உயிருக்கு மன்றாடி நின்றபோது, அவருக்கும் அக்கதவு திறக்கவில்லை. சாத்திய கதவு எல்லாருக்கும் சாத்திய கதவுதான். கோம்வாக்கின் வாழ்க்கை போதிக்கும் முதற் பாடம் இதுவே.

ராணுவம் வருமுன் இருந்த அரசியல்வாதிகள் மட்டும் யோக்கியர்களா என்று கேட்கலாம். இல்லைதான். 1965-ல் மேற்கு பிராந்தியத் தேர்தலில் நடந்த மோசடியும், அதை ஒட்டி எழுந்த தீவைப்பும் கொலையும் மறக்கக்கூடியவையல்ல. அந்த அக்கிரமமே ராணுவத்துக்கு வழி வெட்டியது. ஆனால் தேர்தலில் வந்தவரை அடுத்த தேர்தலில் அனுப்பிவிடலாம். நியமனத்தில் வந்தவரை அனுப்ப மற்றொரு கலகந்தான் வேண்டியிருக்கிறது. வீட்டில் எலி தொல்லை என்று வீட்டையே கொளுத்துவார் உண்டா?

ஜோஸ் நகரின் சர்க்கார் காரியாலயக் கட்டடத்துக்குக் கோம்வாக்கின் பெயரும், கானோவின் சர்க்கார் காரியாலயத்துக்கு அவுடு பாகோவின் பெயரும் பின்னாளில் சூட்டப்பட்டன. குற்றவாளிகள் என்று தேசம் அறிவித்த இருவரையும் அவரவர் ஊரார் நன்றியோடு நினைக்கிறார்கள். இதில் எது உண்மை என்று அறிய வழியில்லாமற் போனதே அந்த ஆட்சி வைத்துவிட்டுப் போன கடன். சிறைப்பட்ட ஆப்பர் ஆக்குவோ 1979-ல் ஜனங்களின் வோட்டைப் பெற்று, பெனுவே மாகாணத்தின் கவர்னராக வந்தார். 1983 டிசம்பர் 31-ல் ராணுவம் மீண்டும் புகுந்து அவரையும் வெளியேற்றிற்று. 1999 வரை நைஜீரியா நிலையான ஜன ஆட்சியைக் காணவில்லை.

ஊழலைக் கண்டு கொதிப்படையும் இளைஞர்கள் எந்தத் தேசத்தவராயினும் அவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: நேர்மையான மனிதர் ஒருவரைத் தேடி அவர் கையில் சர்வாதிகாரத்தைக் கொடுக்க வேண்டாம். எவர் வந்தாலும் அவரைக் கேள்வி கேட்கும் உரிமையையும், அந்தக் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்கும் நியாயஸ்தலத்தையும், அதை அச்சிடும் பத்திரிகையையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அவை இருந்தால் அயோக்கியனும் அடங்கி நடப்பான். அவை இல்லாவிட்டால் யோக்கியனும் தன் யோக்கியதையை நிரூபிக்க வழியின்றி மடிவான்.