மலையேறட்டும் ஒரு சொல்!



'அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு' என்று வீட்டில் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். காலத்துக்குக் கால் உண்டா, மலை ஏற? முடிந்து போய்விட்டது என்பதைத் தான் அப்படிச் சொல்கிறார். கள்ளக்குறிச்சியில் இருந்து, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் பஸ்சோ, நிஜமாகவே கல்வராயன் மலை ஏறுகிறது. சொல் ஒன்று, பொருள் இரண்டு!

ஆங்கிலத்திலும் இப்படி உண்டு. 'ட்ராப்' என்றால் விழு. 'அவுட்' என்றால் வெளியே. சேர்த்துச் சொன்னால், 'வெளியே விழு' என்பது நேர்ப்பொருள். ஒருமுறை, மலையில் இருந்து இறங்கும் பஸ்சில், என் காலடியில் கடுக்காய்கள் உருண்டு வந்தன. பார்த்தால், முன் சீட்டுக்காரரின் மூட்டையில் ஓட்டை!

'ட்ராப் அவுட்' என்பதற்கு இன்னொரு பொருள், படிப்பைப் பாதியில் விடுவது. பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைக்கு, அதையே பட்டப்பெயராகவும் வைத்து விடுகின்றனர். ஆசிரியராக இருந்தபோது நானும் அப்படிச் சொன்னவன் தான். அன்று, கடுக்காய்களைப் பொறுக்கிக் கொடுத்தபோது தோன்றியது... வெளியே விழுந்தது காயின் குற்றமா, மூட்டையின் குற்றமா?

கல்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்கள் பலர், கூலி வேலை தேடி வெளியூருக்கும், வெளி மாநிலத்துக்கும் போகின்றனர். பெற்றோர் போனால், சில பிள்ளைகளும் கூடவே போக வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். வகுப்பில் உட்காரவே கூச்சமாக இருக்கும்.

தமிழில் இதை, 'இடைநிற்றல்' என்கிறோம். நடுவழியில் நின்றுவிட்டார் என்று பொருள். நின்றவர் மறுபடி நடக்கலாம் அல்லவா? அதற்குச் சட்டமே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை, நடுவில் நின்றிருந்தாலும், தன் வயதுக்கு ஏற்ற வகுப்பிலேயே சேரலாம். விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சியும் பெறலாம்.

உங்கள் பக்கத்து இடம் நாலு நாளாகக் காலியாக இருக்கிறதா? ஆசிரியரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய், 'எப்போது வருவாய்?' என்று கேளுங்கள். திரும்பி வந்தால், நோட்டைக் கொடுத்து உதவுங்கள். பட்டப்பெயர் மட்டும் வேண்டாம்.

பள்ளிக்கூட மூட்டையின் ஓட்டையை, நீங்களும் கொஞ்சம் தைக்கலாம். 'ட்ராப் அவுட்' என்ற சொல், சீக்கிரமே மலையேறட்டும்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்